எக்கோ ஷோ 8: ஊர்ல தனியா இருக்கற ஆச்சி வீட்டுக்கு வாங்கலாமா?

எக்கோ ஷோ 8ன்னா அமேசான் விக்கற, எட்டு இஞ்சு ஸ்க்ரீனும் கேமராவும் வெச்ச ஸ்பீக்கர், வைஃபைல வீடியோ கால் பேசலாம். மொதல்லயே சொல்லிடறேன், இது டெக் ரிவ்யூ கிடையாது. ஸ்பீக்கர்ல பேஸ் எப்படி, ஸ்க்ரீன் ஷார்ப்பா இருக்கான்னு பாக்கறவங்களுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ கெடக்கு. நான் புனேல வேலை பாக்கறேன், ஆச்சி அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு கிராமத்துல, வயசு 85 தாண்டியாச்சு, தாத்தா போனதுக்கப்புறம் தனியாதான் இருக்காங்க, யார் கூப்பிட்டாலும் "இந்த வீட்ட விட்டா எனக்கு ஒறக்கம் வராதுய்யா"ன்னு ஒரே பிடி. அப்படி ஒரு வீட்டுல இந்த சாமான் வேலைக்கு ஆகுமா ஆகாதா, அது மட்டும்தான் இங்க பேச்சு.

இதுக்கு முன்னாடி ஸ்மார்ட்ஃபோன் இருந்துச்சு. எல்லார் வீட்டு கதையும்தான். கால் வந்தா பச்சையை மேல இழுக்கணும்ல, அங்கதான் சிக்கல். ஆச்சி வருஷக்கணக்கா பீடி சுத்தின கை, விரல் நுனியெல்லாம் காஞ்சு காப்பு காச்சி இருக்கும், டச் ஸ்க்ரீன் வேலை செய்யறதே தோல்ல இருக்கற ஈரத்தையும் கரண்ட் கடத்தறதையும் வெச்சுதான், அந்த மாதிரி காஞ்ச விரலை அது சரியா கண்டுக்கறது இல்ல. ஆச்சி நாக்குல விரலை தொட்டு எச்சி வெச்சு இழுப்பாங்க, அதுக்குள்ள ரிங் நின்னுடும், "நீ கட் பண்ணிட்டியேல"ன்னு அப்புறம் என்மேல கோவம். தப்பித்தவறி எடுத்துட்டாங்கன்னா வீடியோ காலா இருந்தாலும் ஃபோன் நேரா காதுக்குத்தான் போகும். பாம்படம் போட்டு தொங்கின காது, இப்ப பாம்படம் இல்லாத அந்த நீள ஓட்டை, இதைத்தான் நான் ஸ்க்ரீன் முழுக்க பார்த்துட்டு பேசிட்டிருப்பேன்.

எக்கோ ஷோல நான் காசு குடுத்ததே ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், டிராப் இன். யாருக்கு அனுமதி குடுத்திருக்கோமோ அவங்க கூப்பிட்டா அந்தப் பக்கம் யாரும் எடுக்க வேண்டாம், லைன் தானா திறந்துடும். மொத சில செகண்ட் படம் கலங்கல் கண்ணாடி வழியா பாக்கற மாதிரி மங்கலா வரும், வேண்டாம்னா அந்த நேரத்துல நிறுத்திக்கலாம், இல்லன்னா தெளிவாயிடும். ஆச்சி எதையும் தொட வேண்டாம், இழுக்க வேண்டாம், தேட வேண்டாம், அதான் எனக்கு இதுல மொத்த விஷயமும். பெரியவங்களுக்குன்னு எதை வாங்கினாலும் அவங்க பக்கம் எத்தனை வேலை செய்யணும்னு எண்ணிப் பாருங்க, அது பூஜ்யமா இருந்தாதான் அந்தப் பொருள் நிக்கும்.

வாங்கும்போது நான் யோசிக்காத ஒண்ணு நடந்துச்சு. ஃபோன்னா பேசியே ஆகணும். சாப்ட்டியா, சாப்ட்டேன், மழையா, இல்ல, வேற என்ன, ஒண்ணுமில்ல, வெச்சிரட்டா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும், அதுல ரெண்டு நிமிஷம் ஹலோ கேக்குதா. இதுல சனிக்கிழமை காலைல லைனை திறந்து வெச்சுட்டு நான் பாட்டுக்கு சமையல் பண்ணிட்டு இருப்பேன், ஆச்சி வீட்டு முன்பக்க தார்சால உக்காந்து சொளவுல அரிசி பொடைச்சுட்டு இருப்பாங்க, அந்த சரக் சரக் சத்தம் புனே அடுக்களைல கேக்கும். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். திடீர்னு அங்கேர்ந்து "ஏல, மூணு விசில் ஆச்சு, அடுப்ப அணை"ன்னு வரும். ஊருக்குப் போனா ஆச்சிகூட எப்படி இருப்பேனோ கிட்டத்தட்ட அப்படித்தான், யாரும் யாரையும் விசாரிக்காம. இதுக்காகவே நாலு ஸ்டார் குடுக்கலாம்.

சரி, அடுத்தவங்க வீட்டுக்குள்ள சொல்லாம நுழையறது சரியா? கண்டிப்பா ஆச்சிட்ட கேட்டுட்டுதான் வெக்கணும். நான் வாங்கின மாடல்ல கேமராவை தள்ளி மூடற ஷட்டர் இருக்கு, மைக்கை அணைக்க தனி பட்டனும் இருக்கு. ஆச்சி ரெண்டையும் தொடறது இல்ல, வேண்டாம்னா பழைய துண்டை எடுத்து அது மேல போட்டுடுவாங்க, படம் இருட்டா தெரிஞ்சா நான் உடனே கட் பண்ணிடுவேன், அதான் எங்க ஒப்பந்தம். துண்டு கேமராவைத்தான் மறைக்கும், பேச்சு கேக்கத்தான் செய்யும், அத அவங்களுக்கு தெளிவா சொல்லி வெச்சிருக்கேன். எதுத்த வீட்டு அக்கா பேச வந்தா மொதல்ல துண்டு, அப்புறம்தான் ஊர்க்கதை. வேற யார் யாருக்கு டிராப் இன் அனுமதின்னும் ஆச்சிதான் முடிவு பண்ணாங்க, சின்ன அத்தைக்கு உண்டு, பெரியப்பாவுக்கு கெடையாது, ஏன்னு கேக்காதீங்க, அது வயக்காட்டு விவகாரம். இதெல்லாம் கேக்காம அவங்கள நோட்டம் பாக்க மட்டும் ஒண்ணு வேணும்னு நெனைக்கறவங்க இதை வாங்காதீங்க, ஒரு நாள் இல்ல ஒரு நாள் அவங்க பிளக்கையே பிடுங்கி போட்டுடுவாங்க, நியாயம்தான்.

மொழி பெரிய குறை. இதுக்குள்ள இருந்து நாம சொல்றதக் கேட்டு பதில் பேசற அலெக்ஸாவுக்கு இங்க இங்கிலீஷும் இந்தியும்தான், தமிழ் பேச்சு கெடையாது. பொட்டிகிட்ட பேசி பாட்டு போடறது, சந்தேகம் கேக்கறது இதெல்லாம் ஆச்சி விஷயத்துல மறந்துடுங்க. சுத்தி வர வழி இருக்கு. காலைல 6 மணிக்கு முருகன் பாட்டு போடற மாதிரி என் ஃபோன்ல இருக்கற அலெக்ஸா ஆப்ல ரொட்டீன் போட்டு வெச்சிருக்கேன், அது தானா பாடும். மாத்திரைக்கு ரிமைண்டர் வெச்சா இங்கிலீஷ்ல என்னமோ சொல்லும், ஆச்சிக்கு அது ரேடியோ செய்தி. அதனால அனௌன்ஸ்மென்ட் யூஸ் பண்றேன், ஆப்ல நம்ம குரல்ல பேசினா அப்படியே அங்க ஒலிக்கும். "ஆச்சி, பிரஷர் மாத்திரை"ன்னு நான் ஆபீஸ் மாடிப்படில நின்னு சொல்லுவேன். அது ஒன்வேதான், பதில் வராது, ஆனா ஆச்சி அது முன்னாடி நின்னு "போட்டுட்டேம்ல"ன்னு சத்தமா சொல்றாங்கன்னு எதுத்த வீட்டு அக்கா சொல்லி சிரிக்காங்க.

கரண்ட் விஷயத்தை கவனிங்க. இதுல பேட்டரி கெடையாது, கரண்ட் போனா செத்துடும். மாசாந்திர பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டு காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நிறுத்துவாங்கல்ல, அன்னிக்கு ஒண்ணும் நடக்காது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியா விக்குது, ஆனா ரவுட்டர் மட்டும் உயிரோட இருந்து என்ன பண்ண, வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா ரெண்டையும் அதுல குடுத்துடுங்க. நல்ல விஷயம் என்னன்னா கரண்ட் திரும்பி வந்ததும் அதுவே ஆன் ஆகி அதுவே வைஃபைல சேந்துக்கும், யாரும் போய் பட்டன் அமுக்க வேண்டாம்.

நெட்டு அதைவிட பெரிய தலைவலி. எங்க ஊர்ல கேபிள் டிவி குடுக்கறவர்தான் நெட்டும் குடுக்காரு. பேரு வேண்டாம், ஊர்ல வேற ஆளும் இல்ல. ஒயரு போஸ்ட்லேர்ந்து தென்னைமரம், தென்னைமரத்துலேர்ந்து எங்க வீட்டு ஓடுன்னு வருது, ஐப்பசி மழை பிடிச்சா மட்டை விழும், மட்டை விழுந்தா நெட்டு போகும், ஃபோன் பண்ணா "நாளைக்கு ஆள் அனுப்பறேன் தம்பி". அந்த நாளைக்கு வர வரைக்கும் நமக்கு வயித்தக் கலக்கும். அதனால பட்டன் ஃபோன் ஒண்ணை சார்ஜ் போட்டு கூடவே வைங்க, அதை எடுத்து போட்டுறாதீங்க.

இன்னொண்ணு, இது ஆஸ்பத்திரி சாமான் கெடையாது. ஆச்சி பொறவாசல்ல வழுக்கி விழுந்தா இதுக்கு தெரியாது, 108க்கு இதுலேர்ந்து கூப்பிடவும் முடியாது. எதுத்த வீட்டுல ஒரு சாவி, அவங்க நம்பர் நம்மகிட்ட, நம்ம நம்பர் அவங்ககிட்ட, இது எந்த மெஷின் வாங்கினாலும் வேணும். பெரியவங்களுக்கு உதவி, ஆலோசனைன்னா 14567ன்னு ஒரு இலவச ஹெல்ப்லைன் இருக்கு, அதையும் சுவத்துல பெருசா எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.

வாங்கறவங்களுக்கு ரெண்டு மூணு யோசனை. பார்சலை ஊருக்கு அனுப்பிட்டு ஃபோன்ல சொல்லி செட்டப் பண்ணிக்கலாம்னு நெனைக்காதீங்க, ஊருக்குப் போகும்போது கையோட கொண்டு போங்க. பெரியவங்க பேர்ல புது அக்கவுண்ட் திறக்காம உங்க அக்கவுண்ட்லயே சேத்துடுங்க, அப்பதான் ரொட்டீன், அனௌன்ஸ்மென்ட் எல்லாம் உங்க ஃபோன்லேர்ந்தே பாத்துக்கலாம். குரல்ல பொருள் வாங்கற வசதியை அணைச்சுடுங்க, லீவுக்கு பிள்ளைங்க வரும். பழைய காரைச் சுவர் வீடுன்னா வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போடுங்க, தடிச்ச சுவத்தை அது கொஞ்சம் நல்லா தாண்டும். வைக்கற எடமும் முக்கியம், ஆச்சி நாற்காலில உக்காரவே மாட்டாங்க, மேசை மேல வெச்சா எனக்கு உச்சந்தலைதான் தெரியும், அதனால தார்சா திண்டுல தாழ வெச்சு, வாசல் வெளிச்சம் கேமரால நேரா அடிக்காம திருப்பி வெச்சோம்.

விலை நான் வாங்கினப்ப 14,000க்குள்ள வந்துச்சு, தீபாவளி சேல்ல இறங்கும், அவசரம் இல்லன்னா பொறுங்க. அஞ்சு இஞ்சு மாடல் கம்மிதான், ஆனா கண்ணுல புரை எடுத்தவங்களுக்கு அந்த சின்ன ஸ்க்ரீன்ல பேரன் யாரு பக்கத்து வீட்டுக்காரன் யாருன்னே தெரியாது, எட்டு இஞ்சே போங்க. நாம நடந்தா நம்மகூடவே ஸ்க்ரீன் திரும்பற பத்து இஞ்சு மாடலும் வந்துச்சு. அதோட வீடியோவை ஆச்சிகிட்ட காட்டினேன். "நம்மளயே திரும்பித் திரும்பி பாக்குத மூதிய வீட்டுக்குள்ள கொண்டாந்த, தெருவுல எறிஞ்சிருவேன்"னுட்டாங்க.