ஸ்லாங், டிஎக்ஸ்சி, ஜிஎல்எஸ்எல்: கம்பைலரை அப்டேட் செய்யும் நாளில் எது கைகொடுக்கும்?

ஜிபியு-வில் ஓடும் சிறு நிரலான ஷேடருக்கு எந்த மொழி என்பதைத் தொடரியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்லாங், ஜிஎல்எஸ்எல், டிஎக்ஸ்சி கம்பைல் செய்யும் ஹெச்எல்எஸ்எல் மூன்றுமே சி மொழியின் சாயல்தான், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஒரு வருடம் கழித்துக் கம்பைலரைப் புதுப்பிக்கும்போது எது உடைகிறது, உடைந்தது உடனே கண்ணில் படுகிறதா என்பதில்தான் உண்மையான செலவு இருக்கிறது. வல்கன், டைரக்ட்3டி 12 என்ற இரண்டு கிராஃபிக்ஸ் ஏபிஐ-களுக்கும் ஒரே மூலக் கோப்பு வேண்டும் என்ற தேவைக்கு நாங்கள் ஸ்லாங்கை எடுத்தோம். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

ஜிஎல்எஸ்எல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4.60 பதிப்பு 2017-ல் வந்தது, அதன்பின் சேர்ந்தவை எல்லாம் எக்ஸ்டென்ஷன்கள். அதனால் அப்டேட் நாட்கள் அமைதியாகவே கழியும். வல்கன் மட்டும் போதும், ஷேடர்களும் சில டஜன்தான் என்றால் அதிலேயே இருங்கள். டைரக்ட்3டி-யும் வேண்டும் என்றால், வல்கன் வாங்கும் இடைநிலை வடிவமான ஸ்பிர்-வி-யை ஸ்பிர்-வி கிராஸ் என்ற மாற்றுக் கருவி வழியாக ஹெச்எல்எஸ்எல் ஆக்கி மறுபடி கம்பைல் செய்யவேண்டி வரும். அப்போது வரும் பிழைச் செய்தியின் வரி எண், நீங்கள் எழுதிய கோப்பின் வரியாக இருக்காது.

டைரக்ட்3டி 12 மட்டுமே இலக்கு என்றால் டிஎக்ஸ்சி-யே போதும். பழைய கம்பைலரான எஃப்எக்ஸ்சி ஷேடர் மாடல் (ஷேடர் வசதிகளின் பதிப்பு) 5.1-ஓடு நின்றுவிட்டது, 6.0 முதல் டிஎக்ஸ்சி-தான். அதே கோப்பை வல்கனுக்குக் கொண்டுபோகும்போது முதலில் இடிப்பது ரெஜிஸ்டர் எண்கள். கான்ஸ்டன்ட் பஃபருக்கு பி0, டெக்ஸ்சருக்கு டி0, சாம்ப்ளருக்கு எஸ்0 என்று தனித்தனி வரிசையில் இருந்தவை மூன்றும் வல்கனில் பைண்டிங் 0-க்கே வந்து விழும். டெக்ஸ்சர்களை 100, சாம்ப்ளர்களை 200 என்று நகர்த்தும் ஷிஃப்ட் ஆப்ஷன்களை பில்டு ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

டிஎக்ஸ்சி-யின் 2022 டிசம்பர் வெளியீட்டில் ஹெச்எல்எஸ்எல் மொழியின் 2021 பதிப்பு இயல்புநிலை ஆனது. நிபந்தனை வெக்டராக இருக்கும் கேள்விக்குறி ஆபரேட்டர் அதன்பின் கம்பைல் ஆகாது, செலக்ட் என்று மாற்ற வேண்டும். இது பிழையாகவே வருவதால் பயமில்லை. பயம் இன்னொன்றில்தான். இரட்டை ஆம்பர்சண்ட் இப்போது இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கத்தைத் தொடாது. வலப்பக்கத்தில் அடாமிக் கூட்டல் செய்யும் ஃபங்ஷன் இருந்தால் எண்ணிக்கை சத்தமில்லாமல் குறையும். அப்டேட் செய்யும் அன்று மொழிப் பதிப்பை 2018 என்று பூட்டிவிட்டு, கம்பைலரை மட்டும் முதலில் மாற்றுங்கள். மொழியை உயர்த்துவது இன்னொரு நாள் வேலை.

இனி ஸ்லாங். 2024 நவம்பர் முதல், வல்கனைப் பராமரிக்கும் க்ரோனோஸ் குழுமத்தின் கீழ் இருக்கிறது. ஹெச்எல்எஸ்எல் தெரிந்தவருக்குப் பெரும்பாலான வரிகள் அப்படியே ஓடும். ஆனால் அதை எடுக்கச் சொல்வது அதற்காக அல்ல. நிழல் உண்டா, பனிமூட்டம் உண்டா, நார்மல் மேப் உண்டா என்று பத்து மேக்ரோ சுவிட்சுகள் வைத்தால் 1024 வேரியன்ட்கள். மேக்ரோவுக்குள் ஒளிந்திருக்கும் வரியை, அந்த வேரியன்டைக் கம்பைல் செய்யும்வரை கம்பைலர் பார்ப்பதே இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு அன்றாட பில்டு பச்சையாக இருக்கும், யாரும் தொடாத ஒரு வேரியன்ட் மூன்று வாரம் கழித்து விழும். ஸ்லாங்கில் அதே தேர்வை இன்டர்ஃபேஸ், ஜெனரிக்ஸ் கொண்டு எழுதினால், ஜெனரிக் ஃபங்ஷனின் உடல் எழுதிய இடத்திலேயே இன்டர்ஃபேஸோடு சரிபார்க்கப்படும். 1024-ஐயும் கட்டிப் பார்க்காமலே டைப் பிழைகள் முதல் கம்பைலிலேயே மேலே வந்துவிடும். மாடியூல்களை முன்கூட்டியே கம்பைல் செய்து வைத்தால், ஒவ்வொரு வேரியன்டுக்கும் மூலத்தை மறுபடி பார்ஸ் செய்யும் நேரமும் மிச்சம். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. பழைய மேக்ரோக்களை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்லாங்குக்கு மாறினால் இந்தப் பலன் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிழைச் செய்தியே இல்லாத பள்ளம் ஒன்று உண்டு. சிபியு ஷேடருக்கு அனுப்பும் மதிப்புகள் இருக்கும் கான்ஸ்டன்ட் பஃபரில் முதலில் ஒரு ஃப்ளோட், அடுத்து ஃப்ளோட்3 என்று வையுங்கள். டைரக்ட்3டி-யில் ஃப்ளோட்3 ஆஃப்செட் 4-ல் (தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி) உட்காரும், டிஎக்ஸ்சி வல்கனுக்குத் தருவதும் இயல்பாக 4-தான். ஸ்லாங் வல்கனுக்கு எஸ்டிடி140 என்ற நினைவக அடுக்கு விதியைப் பின்பற்றுவதால் அது 16-க்குப் போய்விடும். சிபியு பக்க ஸ்ட்ரக்ட் 4 என்றே நினைத்து எழுதினால் விளக்கின் நிறம் குப்பையாக வரும், வல்கனின் பிழை சோதிக்கும் வேலிடேஷன் லேயரும் வாய் திறக்காது. டிஎக்ஸ் லேஅவுட் ஆப்ஷனைப் போடலாம். அதைவிட நல்லது ஃப்ளோட்3-ஐ முதலிலும் ஃப்ளோட்டை அடுத்தும் வைப்பது. 0, 12 என்று எல்லா இடத்திலும் ஒரே கணக்காகிவிடும்.

ஸ்லாங்கின் விலை, வெளியீடுகள் அடிக்கடி வருவது. பதிப்பு எண்ணைப் பூட்டாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். டைரக்ட்3டி 12 வாங்கும் இடைநிலை வடிவமான டிஎக்ஸ்ஐஎல் வேண்டுமென்றால் ஸ்லாங் உள்ளுக்குள் டிஎக்ஸ்சி-யைத்தான் கூப்பிடுகிறது, ஆக இரண்டு பதிப்புகளைப் பூட்ட வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் உயர்த்தக் கூடாது. புதுப்பிக்கும் முன், ஆஃப்செட், பைண்டிங் விவரங்கள் அடங்கிய ரிஃப்ளெக்ஷன் ஜேசனை எல்லா ஷேடர்களுக்கும் எடுத்து வையுங்கள். பதிப்பை மாற்றி, பழைய மாடியூல் கோப்புகளை அழித்து, மறுபடி கட்டி, இரண்டு ஜேசன்களையும் டிஃப் செய்யுங்கள். ஆஃப்செட்டோ பைண்டிங்கோ ஒன்று நகர்ந்திருந்தாலும் அங்கேயே தெரியும். பிறகு ஸ்பிர்-வி வேலிடேட்டரை ஓட்டுங்கள்.

மெட்டல், வெப்ஜிபியு இலக்குகளுக்கும் ஸ்லாங் கோடு தருகிறது. அந்தப் பக்கம் எங்கள் அனுபவம் மெலிது, அதனால் மேலே சொன்ன பரிந்துரையை வல்கனுக்கும் டைரக்ட்3டி 12-க்கும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.