ரயில் கட்டுப்பாட்டு அறையை மேசைக்குக் கொண்டுவரும் மென்பொருள்

பல ஊர்களுக்கிடையே நீளும் இருப்புப்பாதையின் சிக்னல்களையும், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட்டுகளையும் ஒரே அறையிலிருந்து இயக்கும் மையக் கட்டுப்பாட்டு முறையை வீட்டுக் கணினியில் பழகத் தரும் மென்பொருள் ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கறுப்புத் திரையில் கோடுகளும் எண்களும் மட்டுமே இருக்கின்றன. ரயிலின் படம் ஒன்றுகூட இல்லை. இதைக் குறையாகக் கருத முடியாது. உண்மையான கட்டுப்பாட்டாளரும் ரயிலைப் பார்ப்பதில்லை. தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்னோட்டத்தைச் சக்கரமும் அச்சும் குறுக்கே இணைத்ததும் ரிலே என்ற மின் சுவிட்ச் விழுந்து, அந்தப் பகுதி திரையில் சிவப்பாக மாறுவதைத்தான் பார்க்கிறார்.

இரு திசை ரயில்களும் ஒரே தடத்தில் ஓடும் ஒற்றைப் பாதைப் பயிற்சிதான் இதன் சிறந்த பகுதி. ஒரு காலத்தில் தந்தியில் வந்த உத்தரவை நிலைய ஊழியர் எழுதி ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. 1927-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஸ்டான்லிக்கும் பெர்விக்குக்கும் இடையிலான 40 மைல் பாதையில் மையக் கட்டுப்பாடு வந்தபோது, சிக்னலே உத்தரவாயிற்று. அந்த மாற்றத்தின் பொருள் இப்பயிற்சியில் கைக்குப் புரிகிறது. எந்த ரயிலை லூப் எனும் பக்கத் தடத்தில் ஒதுக்குவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். லூப்பைவிட நீளமான சரக்கு ரயிலை அதில் அனுப்பினேன்; அதன் வால் பிரதான பாதையிலேயே நின்றுவிட, எதிரே வந்த விரைவு ரயிலும் பின்னால் வந்த இன்னொன்றும் மாட்டிக்கொண்டன. முரணான சிக்னல்களும் பாயிண்ட்டுகளும் ஒன்றாக அமையவிடாத இன்டர்லாக்கிங் அமைப்பு மோதலைத் தடுத்ததே தவிர, என் தவறான கணக்கைத் திருத்தவில்லை. மென்பொருள் எச்சரிக்காமல் விட்டதை நான் பாராட்டுகிறேன்.

ரயில் நெருங்கிய பிறகு கொடுத்த சிக்னலைத் திரும்பப் பெற்றால், ஓட்டுநரால் உரிய இடத்தில் நிறுத்த முடியாமல் போகலாம் என்பதால் பாயிண்ட்டுகள் சிறிது நேரம் பூட்டப்பட்டே இருக்கும். அந்தக் காத்திருப்பைச் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பது தயாரிப்பாளர்களின் நேர்மையைக் காட்டுகிறது.

குறைகளும் உண்டு. கையேடு குழப்பமாக எழுதப்பட்டிருக்கிறது. பாரமான சரக்கு ரயில், நின்ற இடத்திலிருந்து பயணிகள் ரயிலைப் போலவே வேகம் எடுக்கிறது; இதனால் எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும் கிராசிங் கணக்குகள் உண்மையைவிட எளிதாகிவிடுகின்றன. இவற்றைவிடப் பெரிய குறை தொலைபேசி இல்லாதது. சிக்னல் பழுதானால் கட்டுப்பாட்டாளர் ஓட்டுநருடன் பேசி, ரயில் எங்கே நிற்கிறது என்று உறுதிசெய்து, உத்தரவைச் சொல்லி, ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே மெதுவாகக் கடக்க அனுமதிப்பார். இங்கே ஒரே சொடுக்கில் அனுமதி போய்விடுகிறது.