பால் மறந்த குட்டிக்கு எந்த ஈஸ்ட்: உயிருள்ளதா, செல் சுவரா?

மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபாலுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பன்றிப் பண்ணையில் குட்டிக் கொட்டகை என் பொறுப்பு. 28ஆம் நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் எந்நேரமும் இருநூறு இருக்கும். குட்டித் தீவனத்தில் கலக்க ஈஸ்ட் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். இரண்டையும் வாங்கிப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களைப் போன்ற சின்னப் பண்ணைக்கு ஈஸ்ட்டின் தோலான செல் சுவர்தான்.

ஏன் இந்தத் தேவை என்பது குட்டி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். பால் நின்ற முதல் வாரம் குட்டி சரியாகத் தின்னாது, குடலின் உள்ளே சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் குட்டையாகிவிடும், தாய்ப்பாலோடு வந்த எதிர்ப்புச் சக்தியும் நின்றுபோகும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் கொட்டகைக்குள் போனால் விளக்குக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வாலடி நனைந்து சிவந்திருக்கும், தூக்கினால் முதுகெலும்பு கையில் தட்டும். முன்பு கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்துவிட்டுப் பலர் நிம்மதியாக இருந்தார்கள். இங்கே 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. ஐரோப்பாவில் 2022 ஜூனோடு, மருந்தளவில் கலந்துவந்த துத்தநாக ஆக்சைடையும் நிறுத்திவிட்டார்கள். கழிச்சலுக்கு வேறு வழி தேடும்போதுதான் ஈஸ்ட் பேச்சு வருகிறது.

பீர் ஆலைக் கழிவு ஈஸ்ட்டை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஆலைகள் இருப்பது தூரத்தில், கோலாலம்பூர் பக்கம் ஷா ஆலாமிலும் சுங்கைவேயிலும். அங்கிருந்து ஈரமாக இங்கே வந்து சேர்ந்தால் இந்த வெயிலில் சில நாளில் கெட்டுவிடும், வேகவைத்துக் கொல்லாமல் கொடுத்தால் வயிற்றுக்குள்ளேயே பொங்கி உப்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், பண்ணை பண்ணையாக ஏறி இறங்கும் லாரியை, 2023 ஜனவரியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்குக்குள் வந்த பிறகு, எங்கள் கேட்டுக்குள் விடுவதாக இல்லை. காயவைத்த தூள் நல்ல புரதம்தான், ஆனால் அது சோயாவுக்குப் பதில் போடும் கணக்கு, வேறு பேச்சு.

மிஞ்சுவது இரண்டு. உயிருள்ள ஈஸ்ட் என்பது ரொட்டி ஈஸ்ட் இனம், நாம் அப்ப மாவு புளிக்கக் கள்ளு ஊற்றுவோமே, அந்தக் கள்ளுக்குள் பொங்க வைப்பதும் அதே இனம்தான். அதன் பெரிய பலம், அது பூஞ்சை, பாக்டீரியா இல்லை. குட்டிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாளிலும் சாகாமல் வேலை செய்யும். ஆனால் குடலில் தங்கிப் பெருகாது. தினமும் கொடுக்க வேண்டும், அதுவும் உயிரோடு.

அந்த "உயிரோடு" என்பதில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. கணக்கைப் பாருங்கள். இருநூறு குட்டி, ஆளுக்குச் சராசரி அரைக் கிலோ தீவனம், நாளைக்கு 100 கிலோ, பத்து நாளைக்கு ஒரு டன். டன்னுக்கு ஒரு கிலோ போட்டால் 25 கிலோ மூட்டை 250 நாள் வரும். எட்டு மாதம்! விற்றவர் ஒரு வருஷம் தாங்கும் என்றார், அது பிரிக்காத மூட்டைக்கு, குளிர்ந்த இடத்தில் வைத்தால். பிரித்த பிறகு எத்தனை நாள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் ஸ்டோருக்கோ தகரக் கூரை, மத்தியானம் உள்ளே நின்றால் சட்டை ஒட்டிக்கொள்ளும், பையன்கள் மூட்டை வாயைச் சுருட்டிக் கட்டாமல் போய்விடுவார்கள்.

மூன்றாம் மாதம் குட்டிகள் மறுபடி கழிய ஆரம்பித்ததும் சந்தேகம் வந்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், ஆளுக்கு ஒரு கரண்டி சீனி. ஒன்றில் விற்றவர் கொண்டுவந்த புது சாம்பிள், இன்னொன்றில் எங்கள் மூட்டைத் தூள். கால் மணி நேரத்தில் புதுசு நுரைத்து விளிம்பைத் தாண்டிவிட்டது. எங்களுடையது அடியில் வண்டல் மாதிரி படிந்து கிடந்தது, மேலே நாலு குமிழி. அத்தனை வாரமும் செத்த தூளைத்தான் உயிருள்ள ஈஸ்ட் விலைக்குக் குட்டிகளுக்குப் போட்டிருக்கிறோம். தவுக்கே, அதாவது முதலாளி, டம்ளரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார், எனக்குத்தான் அன்று மனசே சரியில்லை. தீவனத்தை அழுத்திய குச்சியாக, பெல்லட்டாக வாங்குபவர்களுக்கு இது இன்னும் மோசம். பெல்லட் அழுத்தும் சூட்டில் மேல்பூச்சு இல்லாத ஈஸ்ட் பெரும்பாலும் செத்துவிடும்.

செல் சுவரில் இந்தத் தலைவலி இல்லை. உள்ளிருப்பதை எடுத்துவிட்டு மிஞ்சிய தோல் அது, சாவதற்கு உயிரே இல்லை. நனையாமல் வைத்தால் போதும், பெல்லட் சூட்டையும் தாங்கும். அதிலுள்ள பீட்டா குளூக்கான் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. மானான் என்ற மேனோஸ் சர்க்கரைச் சங்கிலிகளைச் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் குடல் சுவர் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு சாணியோடு வெளியே போய்விடும். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: பால் மறந்த குட்டியைக் கழிய வைக்கும் எஃப்4 வகை ஈ.கோலி கிருமி அந்தச் சர்க்கரையைத் தேடிப் பிடிப்பதில்லை. ஆகவே கழிச்சலுக்கு இதுவே மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வாங்கும்போது அட்டையில் பீட்டா குளூக்கான், மானான் இரண்டின் அளவும் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "ஈஸ்ட் தூள்" என்று இருந்தால் நான் வாங்குவதில்லை.

முதல் 14 நாள் டன்னுக்கு 2 கிலோ, பிறகு 1 கிலோ என்று போடுகிறோம். மூன்று தொகுதி முடிந்திருக்கிறது, வாலடி நனைந்த குட்டிகள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. அதே சமயத்தில் தண்ணீர்க் குழாயின் உயரத்தை மாற்றினோம், தரையைக் காயவிட்டுத்தான் அடுத்த தொகுதியை ஏற்றுகிறோம், அதனால் முழுப் பெருமையும் ஈஸ்ட்டுக்குப் போகாது. எடை கூடியது என்றும் சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றாக நிறுக்கவில்லை.

ஆயிரக்கணக்கில் குட்டி வைத்து, மூட்டையை மூன்று வாரத்தில் தீர்க்கிற, ஏர்கான் ஸ்டோர் உள்ள பண்ணை என்றால் உயிருள்ள ஈஸ்ட்டை நான் தடுக்க மாட்டேன். தாய்ப் பன்றிக்கும் அது நல்லது என்கிறார்கள். ஈனுவதற்கு முன்பிருந்தே கொடுத்தால் சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் கூடியதாகச் சில சோதனைகளில் வந்திருக்கிறது, சிலவற்றில் வரவில்லை. எனக்கு அதில் அனுபவம் இல்லை. இந்த மாதம் ஆறு தாய்களுக்கு மட்டும் அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்கி, மருந்து வைக்கும் ஐஸ்பெட்டியில் வைத்து, வாரா வாரம் டம்ளரில் நுரைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறோம்.