கும்பகோணத்தில் ஒரு கோடை வகுப்பு: வறண்ட ஆற்றில் தொடங்கும் வாழ்க்கைத் திறன்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வாழ்க்கைத் திறன் கற்பிப்பதாகச் சொல்லும் கோடை வகுப்புகள் டெல்டாவின் சிறு நகரங்களிலும் பெருகிவிட்டன. உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்துத் திறன்களைப் பலர் துண்டறிக்கையில் அச்சிடுகிறார்கள். ஆனால் முடிவெடுத்தலையும் பிறர் நிலை உணர்தலையும் எட்டு வயதுக் குழந்தைக்குச் சொற்பொழிவாகக் கற்பிக்க இயலாது. கும்பகோணத்தில் அரசலாற்றுக்கு அருகே நடக்கும் ஒரு வகுப்பில், மூன்றாம் வகுப்பு முடித்த என் மகளை இந்த மே மாதம் சேர்த்தேன். ஆறு முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கு இரண்டு வாரம் காலையில் நடத்துகிறார்கள்; கட்டணம் 1,200 ரூபாய். பெற்றோர் உடனிருந்து பார்க்கலாம்.

இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், ஆற்றில் தண்ணீர் இல்லாத காலத்திலேயே ஆற்றைக் கற்பிக்கிறார்கள் என்பதுதான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, ஜனவரி 28 அன்று மூடப்படும். மூடியதிலிருந்து மீண்டும் திறக்கும் வரையான வறண்ட மாதங்களில் ஆற்று மணல் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலாகிவிடுகிறது. கல்லணையில் பிரிந்து புதுத்தண்ணீர் வந்து சேர்ந்ததும், நேற்று வரை ஓடியாடிய இடம்தானே என்ற துணிச்சலில் அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். ஆசிரியை குழந்தைகளை வறண்ட ஆற்றுக்குள் அழைத்துச் சென்று, மணல் அள்ளிய குழி ஒன்றில் வகுப்பிலேயே உயரமான சிறுவனை நிற்கவைத்தார். சற்றுத் தள்ளி நின்ற மற்றவர்களுக்கு அவன் தலை தெரியவில்லை. தண்ணீர் வந்த பிறகு இந்தக் குழி மேலிருந்து பார்த்தால் தெரியுமா என்று அவர் கேட்டபோது எழுந்த அமைதியை நான் நேரில் கண்டேன். பிறகு படித்துறையில் இடிந்து கிடக்கும் கடைசிப் படியையும், மதகின் கீழே நீர் விழுந்து விழுந்து அடிமண் அரித்து உண்டான பள்ளத்தையும் ஒவ்வொருவரும் கோலால் அளந்து பார்த்தார்கள். முடிவெடுக்கும் திறன் என்று ஏட்டில் இருப்பது இங்கே கால் வைக்கலாமா, கூடாதா என்ற கேள்வியாகக் குழந்தையின் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்த நாள் மீட்புப் பயிற்சி. ஒரு குழந்தை மூழ்கும்போது காப்பாற்றக் குதிக்கும் அண்ணனோ தோழியோ சேர்ந்து மூழ்குவது நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிற துயரம் என்பதால், குதிக்கவே கூடாது என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறார்கள். பெரியவர்களைக் கத்திக் கூப்பிடுவது, மூங்கிலையோ வேட்டியையோ நீட்டுவது, கயிற்றில் கட்டிய காலிப் பிளாஸ்டிக் குடத்தை வீசுவது, இழுக்கும் முன் கரையில் குப்புறப் படுத்துக்கொள்வது ஆகியவற்றை மணலில் நடித்துப் பழகினார்கள். படுக்காமல் இழுத்தால் இழுப்பவரும் சரிந்து உள்ளே போவார் என்பதை, ஒருவரை ஒருவர் இழுத்துப் பார்த்தே குழந்தைகள் புரிந்துகொண்டனர்.

மற்றப் பாடங்களும் பயனுள்ளவையே. வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தடையின்றிச் சொல்வது, அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, உணவுப் பாத்திரத்தைத் தானே கழுவி வைப்பது என்று சிறு சிறு வேலைகளாகப் பழக்குகிறார்கள். வயலும் வைக்கோல் போரும் சூழ்ந்த ஊர்களுக்குத் தேவையான பாம்புக்கடிப் பாடமும் உண்டு. கடித்த இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கைகாலை அசைக்காமல், நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள்.

உடல் பாதுகாப்புப் பாடம் எனக்கு நிறைவளிக்கவில்லை. பிடிக்காத தொடுகைக்கு ‘வேண்டாம்’ என்று எல்லோரும் சேர்ந்து கத்தியதோடு அது முடிந்துவிட்டது. தொடுபவர் உறவினராகவோ தெரிந்தவராகவோ இருக்கும்போது குழந்தைக்கு அந்தச் சொல் வருமா என்பதும், யாரிடம் போய்ச் சொல்வது, அவர் நம்பாவிட்டால் அடுத்து யாரிடம் சொல்வது என்பதும் பேசப்படவே இல்லை. இதற்கு ஒரு முழு நாளாவது ஒதுக்க வேண்டும். அடுப்படி வேலைகளில் சிறுமிகளுக்குக் காய் நறுக்கவும் சிறுவர்களுக்குத் தட்டு எடுத்து வைக்கவும் பிரித்துக் கொடுத்ததும் சரியல்ல; பசிக்கிற எல்லோருக்கும் உரிய திறன் அது.

நீச்சல் கற்பிப்பதில்லை என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுகிறார்கள், அது நேர்மை. ஆயினும் தண்ணீர் வந்த பிறகு, குடும்பம் குடும்பமாக ஆற்றுக்குப் போகும் ஆடிப்பெருக்குக்கு முன்பாக, அதே படித்துறைக்கு ஒரு காலை அழைத்துச் சென்று நினைவூட்டினால் கற்றது நிலைக்கும். இதைக் கேட்டேன், யோசிப்பதாகச் சொன்னார்கள். ஆற்றுக்குச் செல்லும் நாளில் உடன் வருகிற பெரியவர்களின் எண்ணிக்கை குழந்தைகளுக்குப் போதவில்லை. ஆகவே சேர்க்கும் பெற்றோர் அன்றைக்கு மட்டுமாவது உடன் செல்லுங்கள். முதல் வகுப்புக் குழந்தையாக இருந்தால் கட்டாயம் செல்லுங்கள்.