சர்வர் நெட்வொர்க் கார்டு டிரைவர்: கெர்னல் கூட வர்றதா, கம்பெனி சைட்ல எடுக்கறதா?

லினக்ஸ் சர்வர்ல நெட்வொர்க் லிங்க் விட்டு விட்டு போகுது, கார்டு கம்பெனியோட டிரைவர் ரிலீஸ் நோட்ல "சரி பண்ணிட்டோம்"னு இருக்கு, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கூட வர்ற டிரைவர விட்டு அதுக்கு மாத்தலாமா வேணாமானு நிறைய பேர் குழம்புறாங்க.

ஃபிக்ஸ் வர்ற வேகம்:
கெர்னல் டிரைவர் – கொஞ்சம் லேட், ஆனா டிஸ்ட்ரோகாரங்க (உபுண்டு, ரெட் ஹாட் மாதிரி லினக்ஸ் தர்றவங்க) டெஸ்ட் பண்ணி தருவாங்க.
கம்பெனி டிரைவர் – பெரும்பாலும் சீக்கிரம் வரும், கூடவே தெரிஞ்ச பிரச்சனை லிஸ்ட்டும் வரும், அத படிக்காம போடாதீங்க.

பராமரிப்பு:
கெர்னல் டிரைவர் – ஒண்ணுமே செய்ய வேணாம்.
கம்பெனி டிரைவர் – கெர்னல் மாறுறப்போலாம் திரும்ப பில்ட் பண்ணணும், டிகேஎம்எஸ்ங்கற டூல் அத தானா பண்ணும்தான், ஆனா பில்ட் ஃபெயில் ஆனா இல்ல செக்யூர் பூட் (சைன் பண்ணாத கோட லோட் ஆக விடாத பாதுகாப்பு) ஆன்ல இருந்து டிரைவர் மாட்யூல சைன் பண்ணலைனா ரீபூட்டுக்கு அப்புறம் நெட்வொர்க்கே இல்லாம போகலாம், ரிமோட் கன்சோல் (நெட்வொர்க் கார்டு போனாலும் சர்வருக்குள்ள போற வழி) இல்லாம இதுல கைய வைக்காதீங்க.

ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்): ரெண்டுக்கும் தலைவலிதான். இன்டெல் கார்டுகளோட ஐஸ் (ice) டிரைவருக்கு டிடிபி ஃபைல் (ஆரம்பிக்கறப்போ டிரைவர் கார்டுல ஏத்துற செட்டிங் ஃபைல்) கிடைக்கலைனா சேஃப் மோடுக்கு (அடிப்படை வசதி மட்டும்) போயிடும், வேகம் படுத்துரும், ஆளுங்க டிரைவர திட்டுவாங்க. முதல்ல எத்டூல்ல (ethtool, கார்டு விவரம் காட்டுற கமாண்ட்) டிரைவர், ஃபர்ம்வேர் வெர்ஷன் பாருங்க.

சாதாரண வெப், டேட்டாபேஸ் சர்வருக்கு கெர்னல் டிரைவரே போதும். புது கார்டு, பழைய கெர்னல், இல்ல உங்க பிரச்சனை அப்படியே ஃபிக்ஸ் லிஸ்ட்ல இருந்தா மட்டும் கம்பெனி டிரைவர், அதுவும் ஒரு மெஷின்ல போட்டு பாத்துட்டு.