எப்சிந்த் மென்பொருளுடன் மூன்று ஆண்டுகள்

சாதாரண வீடியோவை அசையும் ஓவியமாக்க, எப்சிந்த் என்ற மென்பொருளை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு ஃபில்டரைப் போட்டால் போதும் என்று எண்ணி வருபவர்களுக்கு இது ஏற்றதல்ல. வீடியோவைத் தனித்தனிப் படங்களாக, அதாவது ஃப்ரேம்களாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றை நாமே வரைந்து கொடுத்தால்தான், அந்த வண்ணப்பூச்சைச் சிறு துண்டுகளாக எடுத்து, அசைவைப் பின்தொடர்ந்து மற்ற ஃப்ரேம்களில் இது பொருத்தும். 2019-ஆம் ஆண்டு சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு அடிப்படை. 1997-இலேயே பீட்டர் லிட்வினோவிச் என்ற கணினி வரைகலை ஆய்வாளர், காட்சியின் அசைவைக் கணித்துத் தூரிகைக் கோடுகளை நகர்த்திக் காட்டினார். ஆனால் அங்கே கோடுகளை இட்டதும் கணினிதான். இங்கே கோடு என்னுடையது என்பதாலேயே இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

அம்மா மல்லிகை தொடுக்கும் ஆறு நொடிக் காட்சிதான் என் முதல் முயற்சி. நொடிக்கு 25 வீதம் 150 ஃப்ரேம்கள். வழக்கப்படி முதல் ஃப்ரேமையே வரைந்தேன். அதில் அம்மா பக்கவாட்டில் இருந்தார். அவர் திரும்பியதும், வரையப்படாத மறு கண் இருக்க வேண்டிய இடத்தில் கன்னத்தின் பழுப்பு வண்ணம் இழுபட்டு நின்றது. "இது யாருடைய முகம்?" என்று அம்மா கேட்டார். இரு கண்களும் விரல்களும் நாரும் ஒருங்கே தெரிந்த 70-ஆவது ஃப்ரேமைத்தான் நான் வரைந்திருக்க வேண்டும். அங்கிருந்து முன்னும் பின்னுமாக வண்ணத்தைப் பரப்பலாம்.

விரல்கள் பூவை மறைத்து விலகும் இடத்திற்கு இரண்டாவது கீ ஃப்ரேம் (நாம் வரைந்து கொடுக்கும் ஃப்ரேம்) தேவைப்பட்டது. அதைப் புதிதாக வரைந்ததால் நிறம் சற்றே மாறி, இரண்டும் கலக்குமிடத்தில் சேலைக்கரை இரட்டையாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் மென்பொருள் தந்த ஃப்ரேமையே எடுத்து, கெட்டுப்போன இடங்களை மட்டும் அதன்மேல் திருத்தி, அதையே அடுத்த கீ ஃப்ரேமாகக் கொடுக்கிறேன்.

வெள்ளையடித்த வெறுஞ்சுவர் இன்னொரு தொல்லை: அடையாளம் பற்ற எதுவுமில்லாததால் வண்ணம் நீந்தத் தொடங்கிவிடும். ஆகவே ஆளை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது பின்னணியிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்து, சுவரை அசையாத தனி ஓவியமாக அடியில் வைக்கிறேன். படம் பிடிக்கும்போதே கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்ச அளவு தானாக மாறாதபடி எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுவதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, ஆறு நொடிக்கு ஒரு ஞாயிறு போய்விடுகிறது. சுழன்றாடும் நடனக் காட்சிகளை இதில் போடுவதையே விட்டுவிட்டேன். கீ ஃப்ரேம்கள் பெருகிப் பெருகி, எல்லாவற்றையும் கையாலேயே வரைந்திருக்கலாம் என்றாகிவிடுகிறது.