கிரிட் டேட்டாவுக்கு சர்ஃபேஸ் ஈக்வேஷன்: நாலு வருஷம் ஓட்டின பிறகு

ஃப்ரெண்ட் ஒருத்தர் போன வாரம் கேட்டார், "கிரிட்ல டேட்டா இருக்கு, எக்ஸும் ஒய்யும் குடுத்தா இசட் வர்ற மாதிரி ஒரே ஒரு ஈக்வேஷன் வேணும், பாலினாமியல் ஃபிட் போதுமா?"ன்னு. பைத்தான்ல நம்பைங்கற (NumPy) கணக்கு லைப்ரரிய வச்சு நாலு வருஷமா இதையேதான் பண்ணிட்டிருக்கேன். லீஸ்ட் ஸ்கொயர்ஸ், அதாவது பிழைகளோட வர்க்கத்தக் கூட்டினா மிகக் குறைவா வர்ற மாதிரி ஃபிட் பண்றது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால அனுபவத்துக்கே வந்துடறேன்.

ரொம்பப் பிடிச்சத முதல்ல சொல்லிடறேன். 200க்கு 200 கிரிட்னா 40,000 புள்ளி, ரெண்டு பக்கமும் அஞ்சாம் டிகிரின்னா 36 கோஎஃபிஷியன்ட் (ஈக்வேஷன்ல ஒவ்வொரு உறுப்பையும் பெருக்கற எண்), எல்லாத்தையும் ஒரே மேட்ரிக்ஸா நீட்டிப் போட்டா 14,40,000 எண். முதல் வருஷம் பூரா அப்படித்தான் போட்டேன். ஆனா கிரிட் முழுசா இருந்தா அது தேவையே இல்ல, எக்ஸுக்கு 200க்கு 6னு ஒரு சின்ன மேட்ரிக்ஸ், ஒய்க்கு அதே மாதிரி இன்னொண்ணு, டேபிள முதல்ல ஒரு பக்கமா ஃபிட் பண்ணி அதுல வர்ற கோஎஃபிஷியன்ட்ட மறுபக்கமா ஃபிட் பண்ணா அதே விடை வந்துடுது. தோராயமா இல்ல, அதே விடை! அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம் எனக்கு. ஒரே ஒரு செல் காலியா இருந்தாலும் இந்த வழி போச்சு, திரும்ப பெரிய மேட்ரிக்ஸ்தான்.

ஸ்கேலிங்க மட்டும் விட்டுடாதீங்க. 6000 வரைக்கும் போற அச்சுல அஞ்சாவது அடுக்கு போட்டா 19 இலக்க எண் வரும், கம்ப்யூட்டர் கையில இருக்கறதோ சுமார் 16 இலக்கம். ரெண்டு அச்சையும் மைனஸ் 1லேர்ந்து 1க்குள்ள கொண்டு வந்துட்டு ஃபிட் பண்ணுங்க, கோஎஃபிஷியன்ட்ட யாருக்காவது குடுக்கறப்ப ஸ்கேல் பண்ண எண்களையும் சேத்துக் குடுங்க.

இப்ப என் கோவம். மெஷ்கிரிட், ரெண்டு அச்சோட எண்கள வாங்கிக்கிட்டு கிரிட்ல ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் நிரப்பித் தர்ற நம்பை ஃபங்ஷன். அது சும்மா விட்டா எக்ஸ இடமிருந்து வலமா, பத்தி பத்தியா வைக்கும், என் டேபிள்ல எக்ஸ் வரிசை வரிசையா கீழ இறங்குது. எல்லாத்தையும் ஒத்தை வரிசையா நீட்டிட்டா நீளம் சரியா இருக்கும், எரர் வராது. 30க்கு 20 கிரிட்னா ஃபிட்டு கன்னாபின்னான்னு வரும், அதுலயாவது பிடிச்சிடலாம். கிரிட் சதுரமா இருந்துட்டா ஃபிட் அருமையா வரும், ரெசிடுவல் (டேபிளுக்கும் ஃபிட்டுக்கும் உள்ள வித்தியாசம்) சுத்தமா இருக்கும், ஆர் ஸ்கொயர் (1க்குப் பக்கத்துல இருந்தா நல்ல ஃபிட்) 0.998 காட்டும், ஆனா எக்ஸும் ஒய்யும் இடம் மாறின ஈக்வேஷன் அது. போன மாசம் 24க்கு 24 கிரிட்ல இதுல ரெண்டு நாள் போச்சு. நாலு வருஷத்துல இது மூணாவது தடவ, சர்ஃபேஸ் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைஞ்சதால படத்துல பாத்தும் தெரியல. மெஷ்கிரிட்டுக்கு indexing='ij'ன்னு குடுத்தா சரியாயிடும், தெரியும், ஆனா மறந்துட்டா ஒரு எச்சரிக்கை கூட வராதே, அதான் தாங்க முடியல. இப்பல்லாம் முதல் வரிசையோட கடைசி மூலைப் புள்ளிய எடுத்து ஈக்வேஷன்ல போட்டு டேபிளோட ஒத்துப் பாக்காம எந்த ஃபிட்டையும் நம்பறதில்ல.

அதனால ஃப்ரெண்டுக்கு சொன்ன பதில்: வேணாம். டேபிள அப்படியே வச்சுக்கிட்டு பக்கத்து நாலு புள்ளிய வச்சு பைலீனியரா, அதாவது ரெண்டு பக்கமும் தூரத்துக்கேத்த மாதிரி நேர்கோட்டுக் கணக்குல, இடைப்பட்ட மதிப்ப எடுத்துக்கோங்க, எந்த எண் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்ணால பாக்கலாம். என் வேலைல அந்த 36 கோஎஃபிஷியன்ட்தான் இன்னும் ஓடுது, அத மாத்தப் போறதில்ல.